கிரிபயேதவ்: தெஹ்ரானில் கொல்லப்பட்ட ரஷ்யத் தூதரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய இலக்கியம் என்று பேச்சு வந்தால் நான் எப்படியும் கிரிபயேதவிடம் வந்து நிற்பேன். உடனே கேள்விகள் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். ஒரே ஒரு நாடகத்தால் நிலைத்துவிட்ட எழுத்தாளர், தான் கையாண்ட ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்துக்காக 34 வயதில் உயிரை விட்ட தூதர், இரண்டும் ஒரே ஆள் என்பதை நம்புவதற்கே பலருக்கு நேரம் பிடிக்கிறது. இத்தனை வருஷமாகத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யாரு இவர்? சுருக்கமா சொல்லுங்க, அப்புறம் மத்தது கேக்கறேன்.

அலெக்சாந்தர் செர்கேயெவிச் கிரிபயேதவ். மாஸ்கோவில் பிறந்தவர், பிறந்த ஆண்டு பொதுவாக 1795 என்று சொல்லப்படும், அதற்கும் முன்பே பிறந்தார் என்பவர்களும் உண்டு. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார், 1812-ல் நெப்போலியன் படையெடுத்தபோது குதிரைப்படையில் சேர்ந்தார் (போர்க்களம் பார்க்கவில்லை), 1817-ல் வெளியுறவுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1818-லிருந்து சாகும் வரை அவருடைய உத்தியோகம் முழுக்க பாரசீகத்தையும் (இன்றைய ஈரான்) காகசஸையும் சுற்றித்தான். 1828-ல் பாரசீகத்துக்கான ரஷ்யத் தூதரானார், அடுத்த வருஷத் தொடக்கத்தில் தெஹ்ரானில் ஒரு கூட்டம் தூதரகத்துக்குள் புகுந்து அவரைக் கொன்றது.

பெயருக்கு நேர்ப்பொருள் ‘காளான் தின்பவர்’ என்பது. போலந்திலிருந்து வந்த குடும்பப் பெயர் என்று சொல்வார்கள்.

அலெக்சாந்தர் செர்கேயெவிச்னா அது பூஷ்கின் இல்லையா?

இருவருக்கும் அதே பெயர், அதே தந்தைவழிப் பெயர். போதாக்குறைக்கு 1817-ல் இருவரும் ஒரே வெளியுறவுத் துறையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேர்ந்தார்கள். ஆனால் கவிஞர் பூஷ்கினுக்கு அது பெயருக்கு ஒரு வேலை. கிரிபயேதவுக்கு அதுவே வாழ்க்கையாகிப் போனது. பல மொழிகள் தெரிந்தவர். பாரசீக மொழியை அங்கே போய் உட்கார்ந்து படித்தார். நாடகாசிரியர் பொழுதுபோக்குக்குத் தூது வேலை பார்த்தார் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், உண்மை கிட்டத்தட்ட தலைகீழ்: தூது வேலைக்கு நடுவே கிடைத்த விடுப்பில்தான் நாடகம் எழுதினார்.

பீட்டர்ஸ்பர்க்ல நல்லா இருந்த மனுஷன் பாரசீகத்துக்கு ஏன் போகணும்?

ஒரு துப்பாக்கிச் சண்டைதான் காரணம். 1817-ல் இஸ்தோமினா என்ற நடனக்காரியை முன்னிட்டு ஷெரெமெத்தியெவ், ஸவதோவ்ஸ்கி என்ற இரண்டு பேர் சுட்டுக்கொண்டார்கள், ஷெரெமெத்தியெவ் செத்துப்போனார். கிரிபயேதவ் ஸவதோவ்ஸ்கியின் பக்கத்துச் சாட்சி. எதிர்ப்பக்கத்துச் சாட்சி யாகுபோவிச் என்ற ராணுவ அதிகாரி. சாட்சிகள் இருவரும் தங்களுக்குள்ளும் சுட்டுக்கொள்வதாக ஏற்பாடு, அது தள்ளிப்போனது. ஊர் முழுக்க இந்தக் கதை பரவியிருந்த சூழலில், வெகுதூரத்தில் ஒரு வேலை வந்தபோது மறுக்க முடியாத நிலை அவருக்கு.

பாரசீகம் போகும் வழியில் திப்லிஸில் (இன்றைய திபிலிசி) யாகுபோவிச் காத்திருந்தார். 1818 அக்டோபரில் பாக்கிச் சண்டை நடந்தது, குண்டு கிரிபயேதவின் இடது கையைத் துளைத்தது, சுண்டுவிரல் பழையபடி நீளவே இல்லை. பியானோ வாசிப்பவர் அவர், அவர் எழுதிய இரண்டு வால்ட்ஸ் இசைத்துண்டுகளை இன்றும் ரஷ்யாவில் பிள்ளைகள் பயிற்சிக்கு வாசிக்கிறார்கள். அந்தக் காயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வியில் திரும்ப வரும்.

அந்தக் காலத்துல பாரசீகத்துல ஒரு ரஷ்யச் செயலருக்கு அப்படி என்ன வேலை இருந்திருக்கும்?

முதலில் ஒரு விஷயம். பாரசீக மன்னரான ஷா இருந்தது தெஹ்ரானில், ஆனால் வெளிநாட்டு விவகாரம் எல்லாம் நடந்தது தப்ரீஸில். பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சா அங்கேதான் இருந்தார், ரஷ்யாவோடும் பிரிட்டனோடும் பேசுவது அவர் பொறுப்பு. ரஷ்யத் தூதுக்குழுவும் பிரிட்டிஷ் தூதுக்குழுவும் அதனால் தப்ரீஸிலேயே தங்கின. கிரிபயேதவ் அங்கே மஸரோவிச் என்பவரின் கீழ் செயலர்.

கடிதம் எழுதுவது, வணிகர்களின் வழக்குகளைப் பேசுவது எல்லாம் உண்டு. ஆனால் அவர் மனதை வாங்கிய வேலை வேறு. முந்தைய போரில் சிறைப்பட்டவர்களும், ரஷ்யப் படையிலிருந்து ஓடிப்போனவர்களும் நிறையப் பேர் பாரசீகத்தில் இருந்தார்கள், அப்பாஸ் மிர்சாவின் படையில் இந்த ஓடிப்போன ரஷ்யர்களை வைத்தே ஒரு தனிப் பட்டாளம் இருந்தது. 1819-ல் கிரிபயேதவ் அவர்களில் ஊர் திரும்ப விரும்பியவர்களைத் திரட்டி, வழியெல்லாம் மிரட்டலும் தடையும் இருந்தும், தானே கூட நடந்து திப்லிஸ் வரை கொண்டுவந்து சேர்த்தார். சிறைப்பட்டவனை வீட்டுக்கு அழைத்துப் போவது என்பது அவருக்கு ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு வரி மட்டும் இல்லை, செய்து பார்த்த காரியம். பத்து வருஷம் கழித்து நடந்ததைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல் என்று நான் நினைக்கிறேன்.

அப்போ அந்த நாடகத்தை எப்போ எழுதினார்?

1821-க்குப் பிறகு அவர் திப்லிஸில் ஜெனரல் யெர்மோலவிடம் தூது விவகாரச் செயலராக இருந்தார். அங்கே தொடங்கி, நீண்ட விடுப்பில் ரஷ்யா போய் 1824 வாக்கில் முடித்தார். தலைப்பைத் தமிழில் ‘அறிவால் வந்த துன்பம்’ என்று சொல்லலாம். வெளிநாட்டில் மூன்று வருஷம் இருந்துவிட்டு மாஸ்கோ திரும்பும் சாத்ஸ்கி என்ற இளைஞன் மனதில் பட்டதைப் பேசுகிறான், ஊர் அவனைப் பைத்தியம் என்று முடிவு கட்டுகிறது. தணிக்கை விடவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கையால் நகலெடுத்து நாடே படித்தது, அதன் வரிகள் பழமொழிகளாகவே பேச்சில் கலந்துவிட்டன. வெட்டுகளோடு புத்தகமாக வந்தது 1833-ல், முழுசாக வந்தது 1862-ல். இரண்டையும் பார்க்க அவர் இல்லை. 1827-ல் எரிவானில் (இன்றைய ஆர்மீனியாவின் யெரெவான்) ரஷ்ய ராணுவ அதிகாரிகள் தங்களுக்குள் நடித்தார்கள், பொது மேடையில் முழு நாடகத்தை அவர் பார்த்ததே இல்லை.

டிசம்பர் கிளர்ச்சியில கைதானவர்னு படிச்சேன். கைதியைப் போய் தூதராக்குவாங்களா?

1825 டிசம்பரில் ஜார் ஆட்சிக்கு எதிராக அதிகாரிகள் சிலர் எழுந்தார்கள், அவர்களில் பலர் கிரிபயேதவின் நெருங்கிய நண்பர்கள். 1826 ஜனவரியில் குரோஸ்னி கோட்டையில் அவரைக் கைது செய்தார்கள். ஆள் வருவதை யெர்மோலவ் முன்கூட்டியே சொல்லி, காகிதங்களை எரிக்க நேரம் கொடுத்தார் என்பது அப்போதிலிருந்தே சொல்லப்படும் செய்தி. பீட்டர்ஸ்பர்க்கில் ராணுவத் தலைமையகக் காவலில் சில மாதம் இருந்தார், ரகசியச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்று தொடர்ந்து மறுத்தார், ஜூன் மாதம் குற்றமற்றவர் என்ற சான்றிதழோடு விட்டுவிட்டார்கள். நண்பர்களில் ரிலேயெவ் தூக்கில் தொங்கினார், மற்றவர்கள் சைபீரியா போனார்கள்.

விட்டதற்குக் காரணம் ஆதாரம் இல்லாதது மட்டும் இல்லை. அந்த வருஷமே பாரசீகத்தோடு போர் மூண்டது, பாரசீகம் தெரிந்த ஆள் ரஷ்யாவுக்கு அவசரமாகத் தேவைப்பட்டார். காகசஸில் யெர்மோலவின் இடத்துக்கு வந்த ஜெனரல் பஸ்கேவிச்சோ, கிரிபயேதவின் ஒன்றுவிட்ட சகோதரியின் கணவர்.

துர்க்மென்சாய் ஒப்பந்தம்னா என்ன? அதை எழுதினதே இவர்தானா?

1826-ல் அப்பாஸ் மிர்சா முதலில் தாக்கினார், 1827 அக்டோபருக்குள் எரிவானும் தப்ரீஸும் ரஷ்யர் கையில். 1828 பிப்ரவரியில் தப்ரீஸ்-தெஹ்ரான் சாலையில் இருக்கும் துர்க்மென்சாய் என்ற கிராமத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எரிவான், நக்சிவான் பகுதிகள் ரஷ்யாவுக்கு; எல்லை அராஸ் ஆறு; காஸ்பியன் கடலில் போர்க்கப்பல் ரஷ்யாவுக்கு மட்டும்; அப்பாஸ் மிர்சாவை வாரிசாக ரஷ்யா ஏற்கும்; அதற்கெல்லாம் மேல் பெரும் போர் இழப்பீடு. ஈரானில் இன்றும் ‘துர்க்மென்சாய்’ என்றால் நாட்டை விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் என்று பொருள், வசைச்சொல்லாகவே பயன்படுகிறது.

கையெழுத்துப் போட்டவர்கள் ரஷ்யப் பக்கம் பஸ்கேவிச்சும் ஒப்ரெஸ்கவும். ஆனால் பேச்சுவார்த்தையிலும் வாசகங்களை வடிப்பதிலும் கிரிபயேதவின் உழைப்பு பெரிது என்பதைப் பஸ்கேவிச்சே ஏற்றுக்கொண்டு, ஒப்பந்தத்தைத் தலைநகருக்கு எடுத்துப் போகும் கௌரவத்தை அவருக்குக் கொடுத்தார். மார்ச்சில் அவர் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்ததும் பீரங்கி முழங்கியது. அதிலிருந்த ஒரு ஷரத்தை மட்டும் குறித்து வையுங்கள்: இந்தப் போரிலோ இதற்கு முன்போ சிறைபிடிக்கப்பட்ட இரு நாட்டு மக்களும் நான்கு மாதத்துக்குள் விடுவிக்கப்பட வேண்டும், அந்தக் கெடுவுக்குள் விடுவிக்கப்படாமல் போனவர்களைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம்.

இழப்பீடு “பத்து குரூர்”னு போட்டிருக்கு. குரூர்னா நம்ம கோடிதானே?

சொல் அதேதான், கணக்குதான் வேறு. நம் ‘கோடி’யும் இந்தியில் சொல்லும் ‘கரோர்’ என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை, அந்தக் கரோர்தான் பாரசீகத்துக்குப் போய் குரூர் ஆனது. ஆனால் அங்கே ஒரு குரூர் என்பது 5 லட்சம்தான். ஆகவே பத்து குரூர் தோமான் (பாரசீகப் பணம்) என்றால் 50 லட்சம் தோமான், ரஷ்யக் கணக்கில் 2 கோடி வெள்ளி ரூபிள்.

போரில் தோற்ற நாட்டுக்கு அது தாங்க முடியாத சுமை. அப்பாஸ் மிர்சா தங்கச் சரவிளக்குகளை உருக்கினார், அந்தப்புரப் பெண்களின் உடைகளில் இருந்த விலையுயர்ந்த பொத்தான்கள் வரை பிடுங்கப்பட்டன. இதைக் கிரிபயேதவே தன் கடிதத்தில் எழுதுகிறார். பணம் கட்டும் வரை கோய் என்ற பகுதியை ரஷ்யப் படை அடமானம் போலப் பிடித்து வைத்திருந்தது. புதிதாக வரும் தூதரின் முதல் வேலையே இந்தப் பணத்தைக் கறப்பது. அவர் எந்தத் தெருவில் நடந்தாலும் ஜனங்களுக்கு அவர் முகம் வரிவசூல்காரனின் முகமாகத்தான் தெரிந்திருக்கும்.

அவ்வளவு பெரிய பதவி கிடைச்சா சந்தோஷமாத்தானே போயிருப்பார்?

இல்லை. பதக்கம், பணம், பதவி உயர்வு எல்லாம் கிடைத்தது, கூடவே 1828 ஏப்ரலில் தூதர் நியமனமும். அவர் கேட்டது எழுத ஓய்வு. அந்த வசந்தத்தில் பீட்டர்ஸ்பர்க்கில் அவரைப் பார்த்த பூஷ்கின், அவர் வாட்டமாக, ஏதோ நடக்கப்போகிறது என்ற நினைப்போடு இருந்தார் என்று எழுதுகிறார். பூஷ்கின் தேற்றப் பார்த்தபோது, அந்த ஜனங்களை உங்களுக்குத் தெரியாது, கத்தி எடுக்க வேண்டிவரும் பாருங்கள் என்றாராம்.

நீனாவுக்கு அப்போ வெறும் 15 வயசுதானா? இதை எப்படி எடுத்துக்கறது?

ஆம், 15. நீனா சவ்சவாட்ஸே 1812 நவம்பரில் பிறந்தவர், கிரிபயேதவோடு திருமணம் 1828 ஆகஸ்டில் திப்லிஸின் சியோனி தேவாலயத்தில், அப்போது கிரிபயேதவுக்கு 33. நீனாவின் அப்பா அலெக்சாந்தர் சவ்சவாட்ஸே ஜார்ஜியாவின் முக்கியமான கவிஞர், தாத்தா ஜார்ஜிய மன்னரின் தூதராக ரஷ்யாவில் இருந்தவர். சிறுமியாக இருந்தபோது நீனாவுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்ததே கிரிபயேதவ்தான். அந்த ஊர், அந்தக் காலப் பிரபுக் குடும்பங்களில் அது வழக்கத்துக்கு மாறான வயது இல்லை. இன்று படிக்கும்போது மனதில் தைக்கிறது, தைக்கத்தான் வேண்டும். காதல் காவியமாக மட்டும் இதைச் சொல்லும் கட்டுரைகள் வயதைத் தாண்டிப் போய்விடுகின்றன, எனக்கு அது சரியாகப் படவில்லை.

தூதுவர்கள் எல்லாம் தப்ரீஸ்ல இருந்தாங்கன்னா இவர் தெஹ்ரானுக்கு எதுக்குப் போனார்?

புதுத் தூதர் ஷாவிடம் நேரில் நியமனப் பத்திரம் கொடுத்தாக வேண்டும், அது முறை. ஷாவுக்கான பரிசுப்பொருள்கள் வழியில் அஸ்திரகானில் தேங்கிப்போயின, அவை வரும் வரை காத்திருக்கவும் முடியவில்லை. கர்ப்பமாயிருந்த நீனாவைத் தப்ரீஸில் விட்டுவிட்டு 1828 டிசம்பரில் கிளம்பினார். வழியில் கஸ்வீன் ஊரிலிருந்து டிசம்பர் 24 தேதியிட்டு நீனாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று பிழைத்திருக்கிறது. அவளை விட்டு வந்த பிறகுதான் நேசிப்பது என்றால் என்னவென்று தெரிகிறது என்கிற பொருளில் எழுதியிருப்பார்.

தெஹ்ரானில் வரவேற்பு நன்றாகத்தான் இருந்தது. ஷாவைப் பார்த்தார், வேலை முடிந்தது, திரும்பிப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மிர்சா யாகூப் யாரு? எல்லாம் அவராலதான்னு சொல்றாங்களே?

எரிவானைச் சேர்ந்த ஆர்மீனியர். இளவயதில் பாரசீகர்களிடம் சிறைப்பட்டு, காயடிக்கப்பட்டு, ஷாவின் அந்தப்புரத்தில் அண்ணகராகச் சேர்க்கப்பட்டவர். திறமையால் உயர்ந்து அந்தப்புரக் கருவூலக் கணக்கைப் பார்க்கும் இடத்துக்கு வந்தார். தூதர் கிளம்ப இருந்த நேரத்தில் ஒரு இரவு தூதரகத்துக்கு வந்து, நான் எரிவான்காரன், எரிவான் இப்போது ரஷ்யாவுடையது, ஒப்பந்தப்படி என்னை ஊருக்கு அழைத்துப் போங்கள் என்றார். ஷாவின் அந்தரங்கம் எல்லாம் தெரிந்த ஆள், கூடவே நகையும் பணமும் எடுத்துவிட்டார் என்று அரண்மனை குற்றம் சாட்டியது. ஷாவுக்கு அது நேரடி அவமானம்.

அதே நாட்களில் அல்லாயார் கான் என்ற பெரிய மனிதரின் வீட்டிலிருந்து இரண்டு ஆர்மீனியப் பெண்களும், அவர்கள் விருப்பம் என்ன என்று விசாரிக்கத் தூதரகத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இந்த அல்லாயார் கான் ஷாவின் மருமகன், முன்னாள் தலைமை அமைச்சர், 1827-ல் தப்ரீஸ் விழுந்தபோது ரஷ்யர்களிடம் சிறைப்பட்டவர். அவர் மனதில் என்ன இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யாகூபைத் திருப்பி அனுப்பியிருந்தா உயிர் பிழைச்சிருப்பாரே? பிடிவாதம்தானே இது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலையும் முடிவு பண்ணிக்கொண்டுதான் கேட்கிறார்கள். ரஷ்ய வெளியுறவு அமைச்சர் நெஸ்ஸல்ரோதேவும் அப்படித்தான் நினைத்தார்: இறந்தவரின் அளவு மீறிய ஆர்வம்தான் காரணம் என்று கடிதம் எழுதி விஷயத்தை மூடப் பார்த்தார்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலாவது, யாகூப் கேட்டது சலுகை இல்லை, மேலே சொன்ன ஷரத்து கொடுத்த உரிமை. கிரிபயேதவ் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் இல்லை, யோசித்துப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார், அவர் மறுநாள் மறுபடி வந்தார். பணத்தை எடுத்தார் என்றால் முறையாக விசாரிக்கலாம் என்றும் சொன்னார். திருப்பிக் கொடுத்திருந்தால் யாகூப் அன்றே செத்திருப்பார், அதற்குப் பிறகு அடைக்கலம் என்று ரஷ்யத் தூதரக வாசலில் யார் நிற்பார்கள்? 1819-ல் அந்த மனிதர்களோடு திப்லிஸ் வரை நடந்தவர் இதைச் செய்வார் என்று எதிர்பார்க்க என்னால் முடியவில்லை.

பெண்கள் விஷயம் வேறு. ஒரு பெரிய வீட்டின் அந்தப்புரத்திலிருந்து பெண்களை அந்நியர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து இரவு தங்கவைத்தது அந்த ஊரில் நெருப்போடு விளையாடுவது, இத்தனை வருஷம் பாரசீகத்தில் இருந்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அதை நான் தவறு என்றுதான் சொல்வேன்.

அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?

மிர்சா மஸீஹ் என்ற சமய அறிஞர், சிறைவைக்கப்பட்ட முஸ்லிம் பெண்களை மீட்பது கடமை என்று தீர்ப்புச் சொன்னார் (அந்தப் பெண்களும் யாகூபும் இஸ்லாத்துக்கு மாறியவர்களாகவே கருதப்பட்டார்கள்). கடைத்தெரு அடைக்கப்பட்டது, பள்ளிவாசலில் கூட்டம் கூடி அங்கிருந்து தூதரகத்துக்கு நகர்ந்தது. முதல் தாக்குதலில் யாகூபைக் கொன்றார்கள், பெண்களை இழுத்துப் போனார்கள். அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் காவலர்கள் சுட்டதில் கூட்டத்தில் சிலர் இறந்திருந்தார்கள், அந்த உடல்களை எடுத்துக்கொண்டு போனவர்கள் இன்னும் பெரிய கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். கஸாக் காவல் வீரர்கள் விழுந்தார்கள், கூரையைப் பிரித்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள், கிரிபயேதவ் கடைசி அறையில் வாளோடு சண்டையிட்டுச் செத்தார். தூதுக்குழுவில் 37 பேர் இறந்தார்கள், இரண்டாம் செயலர் அதெலுங்கும் அவர்களில் ஒருவர். ஷாவின் படை வந்து சேர்ந்தபோது காப்பாற்ற யாரும் இல்லை.

ரஷ்ய அதிகாரிகளில் தப்பியவர் முதல் செயலர் மால்த்ஸவ் ஒருவர்தான், பாரசீகர் ஒருவர் அவரை ஒளித்து வைத்தார். அவர் தெஹ்ரானை விட்டுப் போகும் வரை ஷா மேல் தப்பில்லை என்று பேசினார், எல்லை தாண்டிய பிறகு வேறு மாதிரி எழுதினார். உயிரோடு ஊர் போக வேண்டிய ஒருவன் வேறு என்ன செய்ய முடியும்? அவரைக் கோழை என்று எழுதுபவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஒரு இடத்துல ஜனவரி 30, இன்னொரு இடத்துல பிப்ரவரி 11. எது சரி?

இரண்டும். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, 19-ம் நூற்றாண்டில் அது 12 நாள் பின்தங்கும். 1829 ஜனவரி 30 என்பது நம் கணக்கில் பிப்ரவரி 11. இந்தப் பக்கத்தில் தேதி வரும் இடமெல்லாம் பழைய கணக்குத்தான், கஸ்வீன் கடிதம் உட்பட.

பின்னாடி இருந்து தூண்டிவிட்டது பிரிட்டிஷ்காரங்கதானே?

ரஷ்யாவில் அன்றே பலர் அப்படிச் சந்தேகப்பட்டார்கள், இன்றும் படங்களிலும் தொடர்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். பகை இருந்தது உண்மை: அப்பாஸ் மிர்சாவின் படைக்குப் பயிற்சி கொடுத்ததே பிரிட்டிஷ் அதிகாரிகள், பாரசீகத்தில் ரஷ்யச் செல்வாக்கு வளர்வதை இந்தியாவுக்கு ஆபத்தாகப் பார்த்தார்கள். ஆனால் கொலைக்கு அவர்கள் ஏற்பாடு செய்தார்கள் என்று காட்டும் ஆதாரம் இதுவரை வரவில்லை. ஒரு நாடே பணத்துக்காகப் பிழியப்படும்போது கூட்டம் சேர்ப்பதற்கு வெளியாள் தேவையில்லை.

அப்போது தப்ரீஸில் இருந்த பிரிட்டிஷ் தூதர் யார் என்பது நமக்குச் சுவையான விஷயம். ஜான் மக்டொனால்ட், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக்காரர். தப்ரீஸுக்குப் போவதற்கு முன் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் டவுன் மேஜராகவும், ஆற்காட்டு நவாபிடம் கம்பெனியின் ரெசிடென்டாகவும் இருந்தவர். இவர் வீட்டாரின் பராமரிப்பில்தான் நீனா தப்ரீஸில் இருந்தார். கொலைச் செய்தி வந்ததும் பாரசீக அரசுக்குக் கடுமையான கண்டனம் எழுதினார். அடுத்த வருஷம், 1830-ல், அவரும் தப்ரீஸிலேயே இறந்தார்.

தூதரையே கொன்னதுக்கு ரஷ்யா ஏன் போர் தொடுக்கல? ஒரு வைரத்துக்காக விட்டுட்டாங்களா?

துருக்கியோடு போர் நடந்துகொண்டிருந்தது, காகசஸில் இரண்டாவது போருக்கு ஆள் இல்லை. பாரசீகத்துக்கும் இன்னொரு போர் தாங்காது. அதனால் இரு பக்கமும் ஒரு வழி தேடின. ஷாவின் பேரன், அப்பாஸ் மிர்சாவின் மகன் குஸ்ரவ் மிர்சா, பதினாறு வயதுப் பையன், மன்னிப்புக் கேட்க பீட்டர்ஸ்பர்க் அனுப்பப்பட்டான். 1829 ஆகஸ்டில் குளிர்கால அரண்மனையில் ஜார் முதலாம் நிக்கோலாய் அவனை வரவேற்று, தெஹ்ரான் சம்பவத்தை நிரந்தர மறதிக்கு விடுவதாகச் சொன்னார். இழப்பீட்டில் ஒரு குரூர் தள்ளுபடி, இன்னொன்றுக்கு ஐந்து வருஷத் தவணை. மிர்சா மஸீஹ் நாடு கடத்தப்பட்டார்.

கொண்டுவந்த பரிசுகளில் ஷா வைரமும் ஒன்று. 88.7 காரட், இன்று கிரெம்ளினில் இருக்கிறது. ‘ரத்தத்துக்கு விலை’ என்று பின்னால் கதை கட்டினார்கள். இழப்பீட்டைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்த பரிசு என்று பார்ப்பதுதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. கல் இந்தியாவிலிருந்து போனது, கோல்கொண்டா சுரங்கத்ததாகக் கருதப்படுகிறது. அதில் மூன்று பெயர்கள் செதுக்கியிருக்கும்: அகமத்நகர் புர்ஹான் நிஜாம் ஷா, ஷாஜகான், கடைசியாக அப்போதைய பாரசீக ஷாவான ஃபத் அலி ஷா. டெல்லியைக் கொள்ளையடித்த நாதிர் ஷாவோடு பாரசீகம் போயிருக்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனா இவர் ஒரு ஏகாதிபத்தியத்தோட ஆள்தானே? நாம ஏன் இவருக்காக வருத்தப்படணும்?

நியாயமான கேள்வி. அவர் ஏகாதிபத்தியத்தின் ஆள்தான், அதை மழுப்ப முடியாது. நிலத்தையும் பணத்தையும் பறித்த ஒப்பந்தத்தில் அவர் கை இருக்கிறது. சாவதற்குச் சில மாதம் முன் ரஷ்ய டிரான்ஸ்காகசஸ் கம்பெனி என்று ஒரு திட்டம் கூட எழுதிக் கொடுத்தார், நம்மை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் சாயலில், அது நிறைவேறவில்லை. ஒப்பந்தத்தின் பேரில் பாரசீகத்திலிருந்து சுமார் 40,000 ஆர்மீனியர்கள் ரஷ்யப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள், அவர்களை அங்கிருந்த முஸ்லிம் விவசாயிகளின் நிலத்தில் திட்டமில்லாமல் குடியேற்றியதைக் குறை சொல்லி அறிக்கை எழுதியவரும் இதே கிரிபயேதவ்தான்.

ஈரானியர் பார்வையில் அந்தக் கூட்டத்தின் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது, தங்கச் சரவிளக்கை உருக்கிய கதையை மேலே சொன்னேன். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு கொடூரமான ஒப்பந்தத்தில் இருந்த ஒரே கருணையான ஷரத்து சிறைப்பட்டவர்களைப் பற்றியது, அந்த ஷரத்துக்காகத்தான் அவர் செத்தார். நிலத்துக்காகவோ பணத்துக்காகவோ செத்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

உடம்பைத் தெருத்தெருவா இழுத்தாங்கன்னா, திபிலிசி கல்லறையில இருக்கிறது அவர்தான்னு எப்படிச் சொல்ல முடியும்?

உடலை அடையாளமே தெரியாத அளவுக்குச் சிதைத்திருந்தார்கள். இடது கையில் இருந்த பழைய தழும்பை வைத்துத்தான் அவர் என்று கண்டுகொண்டதாகச் சொல்வார்கள், யாகுபோவிச் சுட்ட அதே கை. அதிலும் சந்தேகம் கிளப்பியவர்கள் உண்டு. 1829 ஜூனில் காகசஸ் மலைப்பாதையில் இரண்டு எருதுகள் இழுத்து வந்த வண்டியைப் பூஷ்கின் எதிர்கொண்டார். எங்கிருந்து என்று கேட்டார், தெஹ்ரானிலிருந்து என்றார்கள். என்ன கொண்டுபோகிறீர்கள் என்றார், ‘கிரிபயேத்’ என்று பதில் வந்தது. இந்தச் சந்திப்பு அப்படியே நடந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

நீனாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. செய்தியை முதலில் அவரிடம் மறைத்து திப்லிஸுக்கு அழைத்து வந்தார்கள். தெரிந்ததும் குறைமாதத்தில் குழந்தை பிறந்து, பிறந்த சிறிது நேரத்தில் இறந்தது. கிரிபயேதவ் விரும்பிச் சொன்ன இடத்திலேயே, ம்தாத்ஸ்மிந்தா மலைச்சரிவில் புனித தாவீது தேவாலயத்தருகே அடக்கம் செய்தார். ‘உன் அறிவும் செயல்களும் ரஷ்ய நினைவில் அழியாதவை, ஆனால் என் காதல் ஏன் உனக்குப் பின்னும் வாழ்ந்தது?’ என்று கல்லில் எழுதவைத்தார். பதினாறு வயதில் விதவையானவர், கேட்டு வந்த யாரையும் மணக்கவில்லை. 1857-ல் திப்லிஸில் காலரா பரவியபோது இறந்தார், அவரையும் அதே குகைக் கல்லறையில், பக்கத்தில் வைத்தார்கள்.